பெட்டி பேசும், கேட்பது யார்?

வேகக் கட்டுப்படுத்தி, ஜிபிஎஸ், ஆர்எஃப்ஐடி: நம் சாலைகளில் நடந்த சோதனைகள் பகாவ் தோட்டத்துச் சாலைக்கு என்ன சொல்கின்றன?

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி மூன்று நாள் திருவிழா. தண்டாயுதபாணி ஆலயத் தேர் கிளம்பிவிட்டால் ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. 2025ஆம் ஆண்டுத் தேருக்குப் பாதுகாப்பு தந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் வேலை முடிந்து, மே 13ஆம் தேதி காலை தங்கள் டிரக்கில் ஏறி ஈப்போவுக்குப் புறப்பட்டார்கள். சிக்குஸ்–சுங்கை லம்பாம் சாலை. போக ஒரு தடம், வர ஒரு தடம். எதிரே கல் ஏற்றிய லோரி வந்தது. மோதலில் டிரக் உருக்குலைந்தது. 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். லோரி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தது என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 9ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. திரங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பலியானார்கள். பேருந்து உரிமம் ஒருவர் பெயரில், ஓட்டியது வேறொருவர் நிர்வாகத்தில் என்பது அம்பலமாகி உரிமம் ரத்தானது.

இந்த இரண்டு விபத்துகளையும் அடுத்துப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் கையில் எடுத்த ஆயுதங்களில் முக்கியமானவை இரண்டு பெட்டிகள். ஒன்று, வண்டியை மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்படுத்தி. மற்றொன்று, வண்டி எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்று நிறுவனத்துக்குச் சொல்லும் ஜிபிஎஸ் கருவி. அமைச்சர் சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினர். நெகிரி செம்பிலான் சாலைகள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பெட்டிகளைப் பற்றிய பேச்செல்லாம் கோலாலம்பூரில்தான் நடக்கிறது. அதே மாநிலத்துப் பகாவில் இருந்து பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரிகிறது.

குலைக்குக் கெடு 24 மணி நேரம்

பகாவைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. கெடிஸ், ஜெராம் பாடாங் எனத் தோட்டங்கள். அப்பால் செர்த்திங், பாலோங் என ஃபெல்டா குடியிருப்புகள். கிழக்கே கெராத்தோங் வழியாகப் பகாங்குக்கு ஒரு சாலை, தெற்கே ரொம்பின் வழியாகக் கெமாசுக்கு ஒன்று, மேற்கே ஜுவாசே, கோலப்பிலா தாண்டி சிரம்பானுக்கு ஒன்று. டோல் சாவடி எதிலும் கிடையாது. பிளஸ் நெடுஞ்சாலையைத் தொட வேண்டுமென்றால் சிரம்பானுக்குத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

இந்தச் சாலைகளில் லோரிகள் விரைவதற்கு ஓட்டுநரின் குணம் மட்டும் காரணமில்லை. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும் என்பது தொழில் விதி. தாமதமாக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், விலை விழும். காலையில் வெட்டு, மதியம் ஏற்றம், மாலைக்குள் ஆலை வாசலில் வரிசை. மழை பெய்து தோட்டத்து மண் பாதை சேறாகிவிட்டால், அங்கே இழந்த நேரத்தைத் தார்ச்சாலையில்தான் மீட்க வேண்டும். அந்தத் தார்ச்சாலையில்தான் செனவாங் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தும், மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகும் பெண்களும், சந்தைக்குப் போகும் கிழவரும் இருக்கிறார்கள்.

பால் மரம் போய் செம்பனை வந்தபிறகு லயங்களை விட்டுக் கிளம்பிய நம் பிள்ளைகளில் பலருக்குச் சரக்கு வண்டி ஓட்டும் ஜிடிஎல் லைசென்ஸ்தான் பிழைப்பு. ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட. லோரியை ஓட்டுபவரும் நம்மவர், எதிரே மோட்டாரில் வருபவரும் நம்மவர்.

---
பெட்டிச் செய்தி: என்ன விதி, எப்போது?

▪ வேகக் கட்டுப்படுத்தி புதுச் சட்டமல்ல. விதி 2011ஆம் ஆண்டிலேயே வந்தது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளும், 5,000 கிலோவுக்கு மேற்பட்டு எட்டு இருக்கைகளுக்கு மேல் உள்ள பயணி வண்டிகளும் 2015 ஜனவரி 1 முதல் பதிவாகும்போது அதைக் கொண்டிருக்க வேண்டும்.
▪ 2025 விபத்துகளுக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட கட்டங்கள் மூன்று. 2025 அக்டோபர் 1: கருவி ஏற்கெனவே உள்ள வண்டிகள், அது வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும். 2026 ஜனவரி 1: கருவி இருந்தும் முடுக்கப்படாத வண்டிகள். 2026 ஜூலை 1: கருவியே இல்லாத வண்டிகள்.
▪ உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்.
---

முதல் வரியை இன்னொரு முறை படியுங்கள். 2015 முதல் பதிவான வண்டிகளில் இருக்க வேண்டிய கருவி வேலை செய்கிறதா என்று முறையாகக் கேட்கத் தொடங்கியதே பத்தாண்டு கழித்து. பெட்டியைப் பூட்டச் சொல்வது எளிது. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்த நாட்டில் பத்து வருடமும் 24 சவப்பெட்டிகளும் தேவைப்பட்டன.

டோல் சாவடியில் கற்ற பாடம்

சாலையோடு வாகனம் பேசும் தொழில்நுட்பத்தை மலேசியர்கள் பெருவாரியாகச் சந்தித்தது டோல் கட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் வழியாகத்தான். 2018 செப்டம்பரில் தன்னார்வலர்களோடு சோதனை தொடங்கியது. ஸ்டிக்கர் இலவசம், பாராட்டும் நிறைய. 2022 ஜனவரி 15ஆம் தேதி பிளஸ் நெடுஞ்சாலையில் ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை அதைத் திறந்துவிட்டார்கள். அந்த வாரமே சாவடிகளில் வரிசை நீண்டது. தடுப்பு எழும்பவில்லை, ஸ்டிக்கர் படிக்கப்படவில்லை, பின்னால் ஹாரன். பழைய ஸ்மார்ட் டேக் தடங்களைக் குறைத்ததே கோபத்துக்குப் பெரும் காரணம். பொதுப்பணி அமைச்சு தலையிட்டு, ஸ்மார்ட் டேக் தடங்களை வைத்திருக்கச் சொன்னது.

சோதனையில் நன்றாக ஓடியது ஏன் திறந்த சாலையில் திக்கியது? தன்னார்வலர் ஸ்டிக்கரைக் கவனமாக ஒட்டுவார், பணப்பையில் இருப்பு வைத்திருப்பார், கோளாறு வந்தால் பொறுத்துக்கொள்வார். பொதுமக்கள் அப்படியில்லை, அப்படி இருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. ஸ்டிக்கரை முன்விளக்கில் ஒட்டுவதா கண்ணாடியில் ஒட்டுவதா என்பதுகூட வண்டிக்கு வண்டி மாறியது. பழையதை மூடுவதற்கு முன் புதியது நிலைபெற வேண்டும் என்பதைச் சாவடியில் நின்றவர்கள் மூன்றே நாளில் அரசாங்கத்துக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

சிங்கப்பூருக்கும் இதே அனுபவம்தான். புதிய சாலைக் கட்டண முறைக்கான கருவியை 2023 நவம்பரில் பொருத்தத் தொடங்கியபோது, மூன்று துண்டாக வரும் அந்தக் கருவியைக் காருக்குள் எங்கே வைப்பது என்பதே பெரிய சண்டையானது. 2016இல் ஒப்பந்தம் போட்ட வேலை அது.

வயோமிங்கில் ஒரு பகாவ்

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015 செப்டம்பரில் மூன்று இடங்களுக்கு இணைக்கப்பட்ட வாகனச் சோதனைக்குப் பணம் தந்தது: நியூயார்க் நகரம், புளோரிடாவின் தம்பா, வயோமிங் மாநிலம். வாகனங்கள் ஒன்றுக்கொன்று வானொலி அலையில் பேசிக்கொள்ள வேண்டும். வினாடிக்குப் பத்து முறை தன் இடம், வேகம், திசையை ஒவ்வொன்றும் அறிவிக்க வேண்டும். முன்னால் போகும் வண்டி பிரேக் அடித்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை கேட்கும்.

நியூயார்க்கில் வானளாவிய கட்டடங்களுக்கு இடையே ஜிபிஎஸ் தடுமாறியது. வண்டி இருப்பது ஒரு தெரு, கருவி காட்டுவது பக்கத்துத் தெரு. 8,000 வாகனங்கள் என்று தொடங்கிய இலக்கு சுமார் 3,000க்கு இறங்கியது. தம்பாவில் பங்கேற்ற தனியார் கார்களுக்கு டோல் கட்டணத்தில் 30 விழுக்காடுவரை திருப்பித் தந்தார்கள். பொய் எச்சரிக்கைகளை வடிகட்டுவதே அங்கே பெரிய வேலையானது. சும்மா சும்மா அலறும் கருவியை ஒரு வாரத்துக்குப் பிறகு ஓட்டுநர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

பகாவுக்கு உறவுக்காரர் வயோமிங்தான். அங்கே பனிப்புயல், இங்கே அடைமழை. மற்றபடி நீண்ட சாலை, கனரக லோரிகள், வழி நெடுக ஆளில்லாத நிலம். 80ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 650 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 75 சாலையோரக் கருவிகளைத்தான் நிறுத்தத் திட்டமிட்டார்கள். கணக்குப் போட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 கிலோமீட்டருக்கு மேல். கருவியின் குரலோ சில நூறு மீட்டர்தான் எட்டும். சுமார் 400 வாகனங்களில் கருவி பூட்டுவது இலக்கு. அவ்வளவு பெரிய சாலையில் கருவி உள்ள இரண்டு லோரிகள் பக்கத்துப் பக்கத்தில் வருவதே அபூர்வம். ஆகவே வயோமிங்காரர்கள் செயற்கைக்கோள் வழியாகவும் செய்தி அனுப்ப வழி செய்தார்கள். பனி அள்ளும் அரசு வண்டிகளையே நடமாடும் செய்தியாளர்களாக்கினார்கள். காற்று எங்கே பலமாக அடிக்கிறது, சாலை எங்கே மூடியிருக்கிறது என்ற தகவல்தான் லோரிக்காரர்களுக்குப் பயன்பட்டது. பக்கத்து வண்டியோடு பேசுவதைவிட, முன்னால் இருக்கும் சாலையைப் பற்றி ஒருவர் சொல்வது அங்கே முக்கியமானது.

அதன் பிறகு நடந்ததுதான் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். இந்தச் சோதனைகள் நம்பியிருந்த அலைவரிசையை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1999இல் வாகனங்களுக்கென ஒதுக்கியிருந்தது. 2020 நவம்பரில் அதே ஆணையம் அதன் பெரும்பகுதியை வைஃபைக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தை வேறொரு தொழில்நுட்பத்துக்குத் தந்தது. சோதனை முடிவதற்குள் சாலையோரக் கருவிகளின் காலமே முடிந்துபோனது. ஐரோப்பாவிலும் இதற்குச் சித்தப்பா மகன் ஒருவன் உண்டு. 2018 மார்ச் 31 முதல் புது மாடல் கார்களில் கட்டாயமான அவசர அழைப்புக் கருவி பழைய 2ஜி, 3ஜி வலையை நம்பிப் பிறந்தது. அந்த வலைகளை இப்போது ஒவ்வொரு நாடாக மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 3ஜி 2021 இறுதியோடு போய்விட்டது. இன்று ஒரு லோரி முதலாளி வாங்கிப் பூட்டும் கருவிக்குள் இருப்பது 2ஜி சிம்மா 4ஜி சிம்மா என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். லோரி பதினைந்து, இருபது வருடம் ஓடும். வலை அவ்வளவு நாள் நிற்காது.

புக்கிட் பூத்துஸ் இறக்கத்தில்

பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போகிறவர்களுக்குப் புக்கிட் பூத்துஸ் மலையைத் தெரியும். உலு பெண்டுல் தாண்டி ஏறி, பாரோய் பக்கம் இறங்க வேண்டும். பழைய சாலையின் வளைவுகள் பல குடும்பங்களின் நினைவில் இருக்கின்றன. புதிய சாலை அகலமானது, ஆனாலும் மலை மலைதான்.

வேகக் கட்டுப்படுத்தியைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம் இங்கே புரியும். அது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை மட்டுப்படுத்தும். மேட்டிலும் சமதரையிலும் அதற்குப் பலன் உண்டு. இறக்கத்தில் வண்டியை இழுப்பது எஞ்சின் அல்ல, சுமை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டால், 90இல் பூட்டிய லோரி 110இல் இறங்கும். அங்கே உயிரைக் காப்பது பிரேக்கின் நிலை, ஏற்றிய பாரம், கீழ் கியரில் இறங்கும் பழக்கம், சாலையோரத் தடுப்பு. பள்ளத்தாக்கில் விழுந்து 37 பேர் இறந்த 2013 ஆகஸ்ட் 21 கெந்திங் பேருந்து விபத்தும் மலை இறக்கத்தில் நடந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. மணிக்கு 90 என்பது நெடுஞ்சாலைக்குப் போட்ட கணக்கு. பகாவ் பட்டணத்துக்குள், தோட்ட முச்சந்தியில், பள்ளி வாசலில் 60இல் வரும் லோரியே ஆளைக் கொல்லப் போதுமானது. கட்டுப்படுத்தி அங்கே வாயே திறக்காது. அதனால் பெட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெட்டி பூட்டியாயிற்று என்று பிரேக் பரிசோதனையிலும் பார நிறுவையிலும் கையைக் கழுவிவிடக் கூடாது.

திரையின் முன் யார்?

ஜிபிஎஸ் கதைக்கு வருவோம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு அறை, ஒரு திரை, முறை வைத்து உட்கார ஆள் இருப்பார். ஓட்டுநர் நான்கு மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் தொலைபேசி அடிக்கும். பகாவ் பக்கத்தில் இரண்டு, மூன்று லோரி வைத்துப் பிழைப்பவருக்கு அந்த அறை எது? பெரும்பாலும் முதலாளியின் கைப்பேசிதான். அவரே காலையில் பேரம் பேசுவார், மதியம் டயர் மாற்றுவார், சில நாள் அவரே ஓட்டவும் செய்வார். எச்சரிக்கை வந்து விழும்போது அவர் கை கிரீஸில் இருக்கும்.

செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் செத்துப்போகும் இடங்களை உள்ளூர்க்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நல்ல கருவி அப்போது தகவலைச் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். விபத்துக்குப் பிறகு விசாரிக்க அது போதும். விபத்துக்கு முன் தடுக்க அது உதவாது. பதிவும் எச்சரிக்கையும் வேறு வேறு வேலைகள். நம் அறிவிப்புகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

2007 ஆகஸ்டில் புக்கிட் கந்தாங்கில் 20 பேருக்கு மேல் பலிகொண்ட பேருந்து விபத்தில், ஓட்டுநர் மேல் கட்டப்படாத சம்மன்கள் குவிந்து கிடந்தன என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. அதன் பிறகுதான் பாதுகாப்பு நடைமுறை விதிகள் என்ற பேச்சே சூடு பிடித்தது. தகவல் அன்றும் இருந்தது. கணினியில் இருந்தது. எடுத்துப் பார்த்து, இந்த ஆளை இன்று வண்டியேற விடாதே என்று சொல்ல வேண்டியவர்தான் இல்லை.

இந்தியாவில் 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொது வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அபாயப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பொத்தானை அழுத்தினால் எடுக்க ஒரு கட்டுப்பாட்டு அறை வேண்டும். அந்த அறைகளைக் கட்டுவதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேகம் மாறியது.

---
பெட்டிச் செய்தி: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

▪ எந்த வலையில் பேசுகிறது, எத்தனை ஆண்டுக்கு விற்பவர் பொறுப்பு?
▪ சிக்னல் இல்லாதபோது தகவலைச் சேமிக்குமா?
▪ பியூஸைப் பிடுங்கினால் யாருக்குத் தெரியவரும்?
▪ தகவல் யாருக்குச் சொந்தம்? ஓட்டுநர் தன் பதிவைக் கேட்டுப் பெறலாமா?
---

ஸ்டியரிங் பிடித்தவர் கணக்கு

ஜிபிஎஸ் என்றதும் லோரிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பியூஸ் பிடுங்கும் கலையும் அவர்களுக்குத் தெரியும். அதைக் குறும்பு என்று தள்ளுவது சுலபம். இந்தத் தொழிலில் அடிப்படைச் சம்பளம் சிறியது. மிச்சம் டிரிப் கணக்கில் வரும். ஒரு நாளைக்கு மூன்று நடை அடித்தால் வீட்டு வாடகை, நான்கு அடித்தால் பிள்ளையின் டியூஷன். வேகத்தைப் பூட்டிவிட்டு டிரிப் கணக்கை அப்படியே விட்டால், நான்காவது நடை ஓய்வு நேரத்திலிருந்து எடுக்கப்படும். தூக்கம் குறையும். 90இல் தூங்கி வழியும் ஓட்டுநரை எந்தக் கட்டுப்படுத்தியும் எழுப்பாது.

பாரமும் அப்படித்தான். அளவுக்கு மீறி ஏற்றச் சொல்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர், சம்மன் வாங்குபவர் ஓட்டுநர். கருவி சொல்லும் கதையில் ஓட்டுநர் மட்டுமே குற்றவாளியாகத் தெரிவார், ஏனென்றால் கருவி பூட்டியிருப்பது அவர் வண்டியில். சரக்குக்காரர் மேசையில் எந்தக் கருவியும் இல்லை.

நியூயார்க் சோதனையில் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். சேகரித்த தகவலிலிருந்து துல்லியமான நேரத்தையும் இடத்தையும் அழித்துவிட்டுத்தான் ஆய்வுக்குத் தந்தார்கள், எவரையும் பிடித்துச் சம்மன் போட அது பயன்படாதபடி. ஓட்டுநர்கள் கருவியைக் கழற்றி எறியாமல் இருக்க அந்த உறுதி வேண்டியிருந்தது. இங்கே நோக்கமே அமலாக்கம் என்பதால் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் ஒரே தகவல் ஓட்டுநரைத் தண்டிக்கவும், அவரை ஓய்வெடுக்க விடாத முதலாளியைப் பிடிக்கவும் உதவும். இரண்டாவது வேலைக்கு அதைப் பயன்படுத்திய நாளில் பியூஸ் பிடுங்குவது பாதியாகக் குறையும் என்று நான் நினைக்கிறேன்.

டோல் கட்டாத வண்டி

இத்தனை பேச்சிலும் ஒரு வாகனத்தைக் காணோம். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள்; 2019இல் மட்டும் 6,167 பேர். இவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது, ஆகவே ஸ்டிக்கரும் கிடையாது. ஜிபிஎஸ், கட்டுப்படுத்தி எதுவும் அதற்குப் பொருந்தாது. இணைக்கப்பட்ட சாலை என்று வரைபடத்தில் நாம் வரைவதில், அதிகம் சாகிறவர் புள்ளியாகக்கூட இல்லை.

தொழில்நுட்பம் முடியாது என்பதில்லை. ஹோண்டா, யமாஹா, பிஎம்டபிள்யூ மூன்றும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. ஆனால் கோலப்பிலா சாலையில் ஓடும் பத்து வருடப் பழைய கப்சாய் மோட்டாரில் எதைப் பூட்டுவது, யார் காசில் பூட்டுவது? இதே நாடு 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப் பாதை போட்டது. அதற்கு சிம் கார்டு தேவைப்படவில்லை. பகாவ்–ஜுவாசே சாலையில் ஓரத்தை இரண்டு மீட்டர் அகலப்படுத்தினால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று மிரோஸ் போன்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அந்தக் கணக்கைப் பெட்டிகளின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை எங்கே நடக்கும் என்பதும் கேள்விதான். சைபர்ஜெயாவில் தானோட்டி வாகனங்களுக்கு ஒரு வழித்தடம் ஒதுக்கினார்கள். வழவழப்பான சாலை, தெளிவான கோடு, முழுச் சிக்னல். அங்கே எல்லாமே வேலை செய்யும். கெராத்தோங் சாலையில் மாலை ஐந்து மணி மழையில், சேறு வழியும் லோரிகளுக்கு நடுவே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். வயோமிங்கைத் தேர்ந்தெடுத்த அமெரிக்க அதிகாரிக்கு இது தெரிந்திருந்தது.

அதுவரை, வேகக் கட்டுப்படுத்தி விதியைத் திறந்து படிப்பவர்கள் எடை வரம்பைக் கவனிக்கட்டும். பயணி வண்டி 5,000 கிலோவைத் தாண்ட வேண்டும். தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அந்த எடைக்குக் கீழே. 2026 ஜூலை 1க்குப் பிறகும் அதில் அந்தப் பெட்டி கட்டாயமில்லை.